நெடுக்குக் கோடு

ரம்பம் மரத்தைக் கடிக்கும்போது ஒரு சத்தம், கடித்து முடித்து விடும்போது ஒரு சத்தம். இரண்டுக்கும் நடுவில் வருகிற சத்தம்தான் அவளுக்கு ஆகாது. மில்லுக்கும் வீட்டுக்கும் இரண்டு தெரு இடைவெளி. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் அவள் குடித்தனம். தையல் மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருப்பாள். ரம்பம் மரத்தில் ஏறிவிட்டது என்று காது சொன்னால் போதும், கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடும். மரம் பிளந்து, சத்தம் மெலிந்து, வெறும் சக்கரம் சுற்றுகிற ஓசைக்கு வந்த பிறகுதான் மறுபடியும் மிதிப்பாள். உன் மெஷினுக்கும் அந்த ரம்பத்துக்கும் ஒரே கரண்ட்டா என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். இவளுடையது கால் மெஷின்.

ரம்பத்துக்கு முன்னால் நின்று மரத்தைத் தள்ளுகிறவர் இவள் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் நின்று அறுபட்ட பலகையை வாங்கி இழுக்கிறவன் கொழுந்தன். அண்ணன் தள்ள வேண்டும், தம்பி இழுக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் பாதிப் பேச்சைத் தொடங்கி விட்டுவிடுவார், மீதியைத் தம்பி இழுத்துக்கொண்டு போவான்.

மில்லில் அவருக்கு நூல்காரர் என்று பேர். சுண்ணாம்பு தோய்த்த நூலைப் பலகையின் இரண்டு தலையிலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேலேயே ரம்பத்தை நடத்திக்கொண்டு போவார். அறுத்து முடித்தபின் எடுத்துப் பார்த்தால் இந்தப் பலகையின் ஓரத்திலும் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும், அந்தப் பலகையின் ஓரத்திலும் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும். அப்படி ஒரு கை. சொன்னது சொன்னபடி செய்கிற மனுஷன். எண்ணெய் போட்ட இயந்திரத்தைப் பத்து நிமிஷம் ஓட்டாதே என்று யாராவது சொன்னால், பதினோராவது நிமிஷத்தில்தான் சுவிட்சுக்குப் போவார்.

அந்த மில்லில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரம்ப மேடையில் மரம் ஏறிவிட்டால், தள்ளுகிறவரை யாரும் கூப்பிடக் கூடாது, பின்னாலிருந்து தொடக் கூடாது, எதிரே நடக்கக் கூடாது. முதலாளியே வந்தாலும் மரம் இறங்குகிறவரை தூணோரமாக நிற்க வேண்டியதுதான். எந்தக் காலத்திலோ, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்த ஒருவருடைய கை போனதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. செல்போனெல்லாம் சட்டைப் பையில், சட்டையெல்லாம் வாசல் பக்கத்து ஆணியில்.

மழைக்காலம் தொடங்கி வெளிச்சம் வற்றிப்போன சமயத்தில் பலகைகள் கோணலாக வர ஆரம்பித்தன. ஒரு தலையில் தடிப்பு, மறு தலையில் மெலிவு. ஈரமரம் ரம்பத்தை இழுக்கிறது என்று முதலில் சொன்னார்கள். காய்ந்த மரமும் அப்படியே வந்தது. வாங்கிப்போன தச்சர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் ஒரு தச்சர் பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நூல்காரரே, நான் பலகை கேட்டா நீங்க ஆப்பு அடிச்சுக் குடுத்திருக்கீங்களே என்றாராம். ராத்திரி சாப்பாட்டில் கொழுந்தன் அதைச் சொல்லிச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து தலையை எடுக்கவும் இல்லை.

அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். பேப்பரைப் படிக்கத் தலையைச் சாய்க்கிறார். கண்ணைச் சுருக்குகிறார். சாயங்காலமானால் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தெருவிளக்குக்கெல்லாம் வால் முளைத்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது ஏதோ வேடிக்கை என்றுதான் நினைத்தாள். மறுநாள் விடாமல் பிடித்துக் கேட்டபிறகு வாயைத் திறந்தார்.

“எல்லாமே தெரியாம இல்ல. குறுக்கே போட்ட கோடு கத்தி மாதிரித் தெரியுது. நெடுக்கே போற கோடுதான் பஞ்சாப் பிரிஞ்சு போயிடுது.”

“அது எப்படிங்க? அதே நூலு, அதே சுண்ணாம்பு.”

“அதான் எனக்கும் தெரியல. வெளியில சொன்னா நம்புவாங்களா? பாதி குருடுன்னு ஒண்ணு உண்டான்னு கேப்பாங்க.”

அப்புறம் கொஞ்ச நாள் பலகைகள் நேராக வந்தன. அவளுக்கு நிம்மதி. எப்படிச் சரியானது என்பது கொழுந்தன் வாயிலிருந்து தற்செயலாகத்தான் வந்தது. ரம்பத்தின் பல் மரத்தில் முதலில் எந்த இடத்தில் கடிக்கிறதோ அதுதான் முக்கியம். அது கோட்டின் மேல் விழுந்துவிட்டால் மீதியைப் பழகின கை பார்த்துக்கொள்ளும். அண்ணனுக்குக் கோடு தெரியவில்லை, ஆனால் விரல் தெரிகிறது. அதனால் தம்பி ரம்பத்தின் பக்கத்தில் வந்து குனிந்து, பலகையின் முன்தலையில் கோடு தொடங்குகிற இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறான். அண்ணன் விரலைக் குறி பார்த்துத் தள்ளுகிறார். பல் கிட்டே வரும்போது தம்பி விரலை எடுத்துவிடுகிறான். அவ்வளவுதான்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“எடுத்துடுவேன் அண்ணி. என் விரலு, எனக்கு அக்கறை இருக்காதா?”

“எப்ப எடுப்பீங்க தம்பி?”

“வைக்கணும்னு தெரிஞ்சவனுக்கு எடுக்கவும் தெரியும்” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

அன்று ராத்திரியே அவள் சொல்லிவிட்டாள். கண்ணாடிக் கடைக்கு வந்தால் வீட்டில் சாப்பாடு, வராவிட்டால் இரண்டு பேரும் மில்லிலேயே மரத்தூளைத் தின்றுகொள்ளலாம். மறுநாளே மூன்று பேருமாகப் போனார்கள்.

கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையில் கண் சோதிக்கிறவள் ஒரு சின்னப் பெண். வாய் ஓயாத பெண். சுவரில் சூரியக்கதிர் மாதிரி எல்லாத் திசையிலும் கோடு கோடாகப் போட்ட ஒரு படம் மாட்டியிருந்தாள். எந்தக் கோடு கறுப்பாக இருக்கிறது என்று கேட்டாள். எல்லாமே ஒரே மையில் போட்ட கோடுகள் என்பது பெண்சாதிக்கும் கொழுந்தனுக்கும் கண்ணெதிரே தெரிந்தது. அவர் தயங்கித் தயங்கி, படுத்திருக்கிற கோடெல்லாம் கறுப்பு, நிற்கிற கோடெல்லாம் சாம்பல் என்றார். சொல்லிவிட்டு ஏதோ தப்பு செய்தவர் மாதிரிப் பெண்சாதியைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கோ சந்தோஷம். இதைத்தான் சார் எதிர்பார்த்தேன் என்றாள்.

“கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு. அது பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். உங்களுக்குக் கரண்டி முதுகு மாதிரி இருக்கு. நீளவாட்டுல ஒரு வளைவு, அகலவாட்டுல ஒரு வளைவு. அதனால வெளிச்சம் ஒரே இடத்துல வந்து சேராம ரெண்டு இடத்துல சேருது. ஒரு பக்கத்துக் கோடு தெளிவா விழும், இன்னொரு பக்கத்துக் கோடு கலங்கிடும்.”

வியாதியா என்று அவள் கேட்டாள். வியாதி இல்லை, அமைப்பே அப்படி, பிறந்ததிலிருந்து கொஞ்சம் இருந்திருக்கும், வயசில் கண் மல்லுக்கட்டிச் சமாளித்திருக்கும், இப்போது முடியவில்லை என்றாள் அந்தப் பெண். ஆஸ்டிக்மாட்டிசம் என்று பேரும் சொன்னாள். கொழுந்தன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கிக்கொண்டது என்று விட்டுவிட்டான்.

சோதனைக்கென்று வைத்திருந்த கனத்த வளையத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையை எடுத்துச் செருகினாள். செருகினதும் அவர் முகம் சுளித்தது. முன்னைக்கு இப்போது இன்னும் மோசம் என்றார். பொறுங்க என்று சொல்லிவிட்டு வளையத்தின் ஓரத்திலிருந்த திருகைப் பிடித்து வில்லையை மெல்லச் சுற்றினாள். இப்பவா, முன்னாடியா? இப்பவா, முன்னாடியா? ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். திடீரென்று அவர் கை எழும்பி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தது.

“அங்கேயே நிறுத்தும்மா.”

நிற்கிற கோடும் கறுப்பாகிவிட்டது. பெண்சாதி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபிரேம் எடுக்கிற இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. அந்தப் பெண் சதுரமான ஃபிரேம்களாகவே எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எல்லாம் மூக்கிலிருந்து வழுக்கியது. ரம்பத்தின் மேல் குனிகிறவனுக்குக் கண்ணாடி வழுக்கினால் அப்புறம் கண் எதற்கு, கை எதற்கு என்றார். காதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற கம்பி வைத்தது வேண்டும். அப்படிப்பட்டது அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வட்டம்.

“வட்டம் வேணாம் சார். இந்தக் கண்ணாடிக்குத் திசை உண்டு. இது ஒரு திசைக்கு மட்டும் பவர் வச்ச கண்ணாடி. வட்ட ஃபிரேம்ல திருகு தளர்ந்தா உள்ளயே சுத்திடும்.”

“திருகு தளராம நான் பாத்துக்கறேன். மெஷின் வேலைக்காரனுக்குத் திருகு தெரியாதா?”

அவள் அப்போது கொழுந்தனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அண்ணி, என்னைப் பாத்தா மில் முதலாளி மாதிரி இல்லையா என்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். மாதிரி இல்லை, முதலாளி வீட்டு நாய் காணாமல் போனால் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள். திசை என்ற சொல் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

கண்ணாடியை வாங்கப் போன அன்று அந்தப் பெண் சொன்ன இன்னொன்றுதான் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமானது. முதலில் சில நாள் தரை சரிகிற மாதிரி இருக்கும், சுவர் சாய்கிற மாதிரி இருக்கும், தலை கனக்கும். கழற்றக் கூடாது. கழற்றிக் கழற்றி மாட்டினால் பழகவே பழகாது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருங்கள், மூளை தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். அவர் தலையை ஆட்டினார். சொன்னால் சொன்னபடி செய்கிறவர்.

முதல் நாள் வாசற்படியில் காலைத் தேடித் தேடி வைத்தார். ஆனால் சாயங்காலம் வரும்போது நடையே வேறாக இருந்தது. கோடு தெரிந்தது. சுண்ணாம்பின் பொடிகூடத் தெரிந்தது. தம்பி விரல் வேண்டியிருக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கும் அன்றைக்குக் காதில் வித்தியாசம் பட்டது. ரம்பம் தயங்காமல் ஏறியது, தயங்காமல் இறங்கியது. எத்தனையோ நாளுக்கப்புறம் சத்தத்துக்கு நடுவிலேயே ஒரு உறைக்கு முழுத் தையல் போட்டாள்.

அது அந்த வாரம் தாங்கவில்லை. கண்ணாடியில் மரத்தூளும் எண்ணெயும் ஏறிக்கொள்ளும். காலையில் சமையலறை ஜன்னலோரம் நின்று சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக் கொடுப்பது அவள் வேலையாகியிருந்தது. அன்று துடைக்கும்போது வலக்கண் வில்லை கழன்று தொட்டிக்குள் விழுந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, உடையவில்லை. ரம்பத்தின் அதிர்வில் திருகு தளர்ந்திருந்தது. வில்லையைத் துடைத்து, வளையத்தில் பதித்து, தையல் மெஷின் திருப்புளியால் திருகை இறுக்கினாள். இறுக்கிவிட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“விழுந்துடுச்சுங்க. மாட்டிட்டேன். சரியா இருக்கா பாருங்க.”

அவர் வளையத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. “கெட்டியா இருக்கு. இனி விழாது.”

“எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பாக்காம வச்சுட்டேன்.”

“நல்லாக் கேட்டே. வட்டத்துக்கு ஏது மேலயும் கீழயும்? உன் தோசைக்கல்லுக்குத் தலை எது, கால் எது?”

கொழுந்தன்கூடச் சிரித்தான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் அன்றைக்கு டீ குடித்தார்கள்.

மறுபடியும் தரை சரிந்தது. முன்பைவிடக் கூடுதலாகச் சரிந்தது. கதவு நிலை ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாகச் சொன்னார். கோடு தெரியவில்லையா என்று கேட்டாள். தெரிகிறது, ஆனால் இரண்டாகத் தெரிகிறது, ஒன்று கோடு, இன்னொன்று அதன் நிழல், எது எதுவென்று சொல்ல முடியவில்லை என்றார். கழற்றிவிட்டுப் பாருங்களேன் என்றாள்.

“கழட்டக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே. பழகுற நாள்ல இப்படித்தான் இருக்கும். நீ பயப்படாதே.”

பழகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மில்லுக்குள் பகலிலேயே விளக்கு எரிந்தது. தம்பியின் கட்டைவிரல் மறுபடியும் பலகையின் தலைக்குப் போனது. வீட்டில் மெஷினில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ரம்பத்தின் சத்தமே பிடிபடவில்லை. ஏறும், நிற்கும், யோசிக்கும், மறுபடியும் ஏறும். கால் மிதிக்க மறந்து உட்கார்ந்தே இருப்பாள். ஊசி துணியில் குத்தியபடி நிற்கும்.

ஒருநாள் சாப்பாட்டில் கொழுந்தன் வலக் கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் பார்ப்பதற்கு முன்னாலேயே அண்ணன் சொன்னார், நல்ல யோசனை, இந்த மங்கல் வெளிச்சத்துக்கு இப்போது விரல் பளிச்சென்று தெரிகிறது என்று. தம்பி தலையை ஆட்டினான். ஸ்பூன் கேட்டான். கையால் சாப்பிட்டால் துணி அழுக்காகிவிடுமாம். ஸ்பூனையும் இடக்கையில் பிடித்தான்.

“ராத்திரியாவது அவுக்கக் கூடாதா தம்பி?”

“காலையில திரும்பச் சுத்தணுமே அண்ணி. சோம்பேறித்தனந்தான்.”

அந்தத் துணியை அவனே துவைத்தான். உள் பனியனைக்கூட அண்ணி துவைக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போகிறவன், அந்த ஒரு முழத் துணியை யாரும் எழுந்திருக்குமுன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துவைத்தான். ஒருநாள் வாளிக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து விரித்தாள். நடுவில் பழுப்பும் சிவப்பும் கலந்து ஒரு கறை. கேட்டதற்கு, சில மரத்துக்கு அறுத்தால் ரத்தம் மாதிரிச் சாறு வரும் அண்ணி, இப்ப வந்திருக்கிற லோடு அந்தச் சாதி என்றான். அப்படி மரம் உண்டுதான். அவளும் பார்த்திருக்கிறாள். அதனால் நம்பினாள். நம்பிவிட்டு, அந்தத் துண்டைத் துவைக்காமல் அடுப்பில் போட்டாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

காலையில் கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இடது வில்லைக்குள் ஜன்னல் கம்பி நேராக நிற்கும். வலது வில்லைக்குள் அதே கம்பி ஒடிந்து ஒரு பக்கமாகச் சாயும். வில்லைக்கு மேலேயும் கீழேயும் வெளியில் இருக்கிற கம்பி நேர், உள்ளே இருக்கிற துண்டு மட்டும் கோணல். பவர் கண்ணாடி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று மடக்கிக் கொடுத்துவிடுவாள்.

அன்று காலையில் இரண்டு பேரும் கிளம்பினபோது வானம் மூடிக்கிடந்தது. நீளமான பலகைகள் பெரிய கட்டடம் ஒன்றுக்குப் போகின்றன, நாள் முழுக்க அதே அறுப்பு என்று பேசிக்கொண்டு போனார்கள். செருப்பைப் போடும்போது கொழுந்தன் வலக்கையைச் சுவரில் ஊன்றப் போய், சட்டென்று எடுத்து இடக்கையை ஊன்றினான். அவள் மெஷினில் உட்கார்ந்தாள். முதல் பலகை ஏறுகிற சத்தம் கேட்டது. நின்றது. யோசித்தது. அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இன்னும் பழகவில்லையே, எத்தனை நாள்தான் ஆகும் என்று கேட்டுவிட்டு வரலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு நடந்தாள்.

அந்தப் பெண் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தரை சரிகிறது, கோடு இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதும், இன்னுமா என்று நின்றுவிட்டாள். இவ்வளவு நாள் ஆகாதே. முதல் நாளே நன்றாகத் தெரிந்தது என்று சொன்னதைக் கேட்டதும் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, நடுவுல கண்ணாடி கழண்டுச்சா?”

“ஒரு தடவை விழுந்துச்சு. நான்தான் மாட்டினேன். கெட்டியாத்தான் மாட்டியிருக்கேன்.”

“எந்தப் பக்கம் மேல வச்சீங்க?”

“வட்டம்தானேம்மா.”

அந்தப் பெண் உள்ளே போய்ச் சோதனைப் பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவந்து, கைநீளத்துக்கு நீட்டி, கடை வாசலின் நிலைக்கம்பத்துக்கு நேராகப் பிடித்தாள். வில்லைக்குள் கம்பம் நேராக இருந்தது. மெல்லச் சுற்றினாள். கம்பம் ஒடிந்தது, சாய்ந்தது. இன்னும் சுற்றினாள். இன்னும் சாய்ந்தது. மேலேயும் கீழேயும் கம்பம் நேர், உள்ளே மட்டும் கோணல்.

“இதை நான் தினமும் பாக்குறேன்” என்றாள் அவள். “எங்க வீட்டு ஜன்னல் கம்பி. தினமும் துடைச்சுத் துடைச்சு நான்தான் எடுத்துக் குடுக்கறேன்.”

“இதுக்குத்தான் அக்கா திசை உண்டுன்னேன். கண்ணு எந்தப் பக்கம் கோணலோ அந்தப் பக்கத்துக்கு நேரா நின்னாத்தான் இது திருத்தும். திரும்பி நின்னா, இருக்கிற கோணலோட இதோட கோணலும் சேர்ந்துக்கும். கண்ணாடி போடாம இருக்கிறதைவிட மோசம். ஒண்ணும் பயமில்ல, கொண்டு வாங்க, ஒரு நிமிஷ வேலை. கழட்டிடச் சொல்லுங்க. இன்னொரு கண்ணு சரியாத்தானே இருக்கு, அதை வச்சுச் சமாளிச்சிருப்பாரு.”

“அவரு இடக்கண்ணை மூடிக்கிட்டுத்தான் கோடு பாப்பாரு. வலக்கண்தான் அவருக்குக் கண்ணே.”

அப்புறம் விரலைப் பற்றிச் சொன்னாள். பாதி சொல்லும்போதே அந்தப் பெண் ஷட்டரை இழுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவருடைய போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கொழுந்தன் போனுக்கு அடித்தாள். அதுவும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டும் ஆணியில் தொங்குகிற சட்டைப் பைகளில் அடிக்கின்றன என்று தெரிந்தும் விடாமல் அடித்தாள். தூறல் முகத்தில் குத்தியது. கடைத்தெரு தாண்டி, அவர்கள் தெருவும் தாண்டி, வண்டிச் சத்தத்தை மீறி ரம்பத்தின் ஓசை காதுக்கு எட்டியது. வெறும் சக்கரத்தின் ஓசை. அது இருக்கிறவரை ஒன்றும் இல்லை. மில் வாசலில் வண்டி நின்றபோதும் வெறும் ஓசைதான். உள்ளே ஓடினாள். மரத்தூள் காலை வாரியது. சட்டைகள் தொங்குகிற ஆணியைத் தாண்டினாள். அப்போது பலகையை மேடையில் ஏற்றியாகிவிட்டது.

தூணோரம் நின்றுவிட்டாள். அந்தப் பெண் வாயைத் திறக்கப் போனாள். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். கூப்பிடக் கூடாது. தொடக் கூடாது. எதிரே போகக் கூடாது.

அவர் பலகையின் பின்தலையில் இடுப்பை அணைத்து நின்றார். இடக்கண் மூடியிருந்தது. வலக்கண்ணுக்கு முன்னால் அந்த வட்டம், விளக்கொளியில் பளபளத்துக்கொண்டு. ரம்பத்தின் ஓரத்தில் தம்பி குனிந்திருந்தான். பலகையின் முன்தலையில் வெள்ளைத் துணி சுற்றிய கட்டைவிரல். அண்ணனின் தலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இரண்டு விரல்களில் எது தம்பியுடைய விரல் என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. பலகை நகர்ந்தது. விரலும் பலகையோடு நகர்ந்தது. அண்ணன் முடிவு செய்யாதவரை தம்பி விரலை எடுக்க மாட்டான். எடுத்தால் கோடு தவறிவிடும், கோடு தவறினால் பலகை திரும்பி வரும், பலகை திரும்பி வந்தால் ஆப்பா என்று எவனாவது கேட்பான். பல்லுக்கும் துணிக்கும் நடுவில் இருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் காது கேட்குமே.

வெள்ளை விலகியது. சத்தம் தடித்தது. ரம்பம் மரத்தைக் கடித்தது.

நீளப் பலகை. அது இறங்குகிறவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார், முகம் அப்படி ஆனது. அவள் போய் முதலில் செய்த காரியம், சிவப்புப் பொத்தானை அழுத்தி ரம்பத்தை நிறுத்தியதுதான். அந்த மில்லில் ஒரு பெண்பிள்ளை அந்தப் பொத்தானில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ரம்பம் சுற்றி ஓய்கிறவரை அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், இங்கேயே பார்த்துவிடலாம் என்றாள். நூல் அடித்து வைத்திருந்த அடுத்த பலகைக்கு முன்னால் அவரை நிறுத்தி, இடக்கண்ணை மூடச் சொல்லி, குட்டித் திருப்புளியால் திருகைத் தளர்த்தி, விரல்நுனியால் வில்லையை மெல்லச் சுற்றினாள். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள்.

“இப்பவா சார், முன்னாடியா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இப்ப?”

“மோசம்.”

“இந்தப் பக்கம்?”

“கிட்ட வருது.” அவர் மூச்சை அடக்கினார். “ரெண்டும் கிட்ட வருது... வருது... நிறுத்தும்மா.”

“எத்தனை கோடு?”

“ஒண்ணு.”

யாரோ கை தட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கொழுந்தன்தான். அண்ணன் கண் சரியானது அவனுக்கே கண் வந்த மாதிரி. அந்தச் சந்தோஷத்தில், பழக்க தோஷத்தில், ஓடிப்போய்ப் பலகையின் முன்தலையில் கோடு தொடங்குகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தான்.

“இப்ப என் விரல் எத்தனைண்ணே?”

அவர் பார்த்தார். இடக்கண் இன்னும் மூடித்தான் இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“ஒண்ணுதான்” என்றார். அப்புறம், “துணி வெள்ளையா இல்லையேடா.”

“மரத்துச் சாயம்ணே.”

“அவுரு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. பலகையை ஏத்துவோம், நேரமாச்சு.”

“அவுருடா.”

தம்பி அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பல்லால் முடிச்சைப் பிடித்து இழுத்தான். துணி சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பிய்த்தான். விரலைக் காட்டு என்று அவர் சொல்லவில்லை, அவனாகவே நிமிர்த்திக் காட்டினான்.

நகம் பாதிதான் இருந்தது. அதற்குக் கீழே வெட்டுகள். குறுக்கே, ஒன்றின்கீழ் ஒன்றாக. ஆறினது, ஆறிக்கொண்டிருப்பது, இன்று காலையில் பட்டது. ஒவ்வொன்றும் பல் தொட்டுவிட்டுப் போன இடம். ஒவ்வொன்றும் அவர் தள்ளிய பலகை.

“சும்மா தோல்தான்ணே. உள்ள எறங்கல” என்றான் தம்பி.

அவர் காதைச் சுற்றியிருந்த கம்பியை ஒவ்வொன்றாக விடுவித்துக் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். இனி அந்த விரலைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவள் வாங்கிக்கொண்டாள். வெறும் கண்ணோடு அவர் தம்பியின் விரலையே பார்த்தபடி நின்றார். நெடுக்கே போகிற கோடுதான் அவருக்குப் பஞ்சாகும். குறுக்குக் கோடு கண்ணாடி இல்லாமலே கத்தி மாதிரித் தெரியும். அவரே அவளிடம் சொன்னதுதான்.